பானெட்டுக்குள் முன்னாள் முதலாளி

வாகனத் தகுதிச் சோதனைக் கூடத்துக்கு வெளியே அன்று நின்ற கூட்டத்தைப் பார்த்திருந்தால், உள்ளே பெட்ரோலை இலவசமாக ஊற்றுகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. மக்கள் தங்கள் அறிவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதிலுக்குச் செப்பு வளையம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல வியாபாரம். பலருக்குக் கழற்றுவதில் சிரமமே இருக்கவில்லை.

வளையம் விற்றவர் ஆவி ஆசான். பழைய வண்டி சோதனையில் தோற்பதற்குத் தேய்மானம் காரணமல்ல என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வண்டியை விற்றுவிட்டுச் செத்துப்போன முன்னாள் முதலாளி, மனசு கேட்காமல் பானெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறாராம். அவரைச் சமாதானப்படுத்தி இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் வளையத்தை மாட்டினால் வண்டி தேறிவிடுமாம். முன்னாள் முதலாளி உயிரோடு இருந்தால்? அதற்கும் பதில் வைத்திருந்தார்: "அப்ப அவருக்கும் முந்தின முதலாளி."

ஆசான் பானெட்டில் காதை வைப்பார். சூடாக இருந்தால் சற்றுத் தள்ளி வைப்பார். ஞானம் வேறு, தோல் வேறு. கண்ணை மூடிக்கொண்டு முனகுவார்.

"ஒரு கண்ணுல வெளிச்சம் மங்கல்... மூச்சுல கரி... மூட்டுல ஆட்டம்... கால்ல பிடிப்பு இல்ல..."

லாரிக்காரர் ஒருவர் வாயைப் பிளந்தார். "ஐயோ! ஹெட்லைட்டு, புகை, ஸ்டியரிங் ஆட்டம், பிரேக்கு! போன வாட்டி இதுக்குத்தானய்யா திருப்பி அனுப்புனாங்க! எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

எனக்கும் வியப்புதான். போன மாதம் என் மருத்துவர் எனக்குச் சொன்னதும் அதே நாலுதான். என்னை அந்த வரிசையில் நிறுத்தியிருந்தால் என் மண்டையில் காதை வைத்தும் அதையே சொல்லியிருப்பார். வயதான வண்டி எதுவும் வேறு எதில் தோற்கும்?

வளையம் மாட்டியும் தோற்ற வண்டிகள் ஏராளம். "மாட்டும்போது மனசுல சந்தேகப்பட்டிருக்க," என்பார் ஆசான். தோற்றவர் வெட்கப்பட்டு இன்னொரு வளையம் வாங்குவார். தேறியவர்களோ, போகிற வழியில் எதற்கும் இருக்கட்டும் என்று மெக்கானிக்கிடம் காட்டியவர்கள். வண்டிக்கடியில் படுத்துக் கரி பூசிக்கொண்டது மெக்கானிக்; பேர் வாங்கியது ஆசான்.

இந்த வளையம் என் வீட்டுக்குள்ளும் வந்தது. என் மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வேனுக்கு ஓட்டுப் போடும் வயதாகிவிட்டது. சோதனைக் கூடத்தை ஒட்டி ஒரு சரிவு, சரிவின் அடியில் பள்ளிச் சுவர். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அவள் தினமும் அதில்தான் இறங்க வேண்டும். சில நாட்களாகப் பிரேக்கை மிதித்தால், வேன் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது.

"பிரேக் மாத்தணும்," என்றாள்.

"எதுக்கு வீண் செலவு? வளையம் மாட்டிட்டேன்," என்றான் என் மகன். நன்றாகப் படித்தவன். படித்ததை எங்கே வைத்தான் என்றுதான் தெரியவில்லை.

"வளையம் வண்டியை நிறுத்துமா?"

"நம்பிக்கை நிறுத்தும்."

"அப்ப நம்பிக்கையை மிதிக்க ஒரு பெடல் வச்சுக் குடு."

அவன் விறைப்பாகப் போய்விட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நாளன்னைக்கு உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?"

"சும்மா இருக்கிற வேலை இருக்கு. தள்ளிப் போட்டுக்கலாம்."

சொன்ன நாளில், பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு காரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். மருமகளும் கடைக்காரரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். இப்படியாக நாங்கள் ஆசானின் முன்னிலையை அடைந்தோம். அவர் காதை வைத்தார்.

"இன்ஜின்லதான் உட்கார்ந்திருக்காரு. கோபக்காரர். இன்ஜினை இறுக்கிப் பிடிச்சிருக்காரு."

"நல்லாப் பாருங்க ஆசானே. இன்ஜின்லயா?"

"இன்ஜின்லதாம்மா. இங்க தொட்டுப் பாரு, சூடு தெரியுது."

மருமகள் பானெட்டைத் திறந்தாள். இன்ஜின் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பூனை குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கண்ணைத் திறந்து ஆசானைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. அதற்கும் அவர்மேல் நம்பிக்கை வரவில்லை.

ஆசாமி தொலைந்தான் என்று நினைத்தேன். நான் அவரைக் குறைத்து எடை போட்டுவிட்டேன்.

"பாத்தீங்களா!" என்று கத்தினார் ஆசான். "இன்ஜினே செத்து ஆவியாயிருச்சு! அதைத்தான் நான் சொன்னேன்!"

"அடேங்கப்பா!" என்றார் அன்றைக்கும் வந்திருந்த லாரிக்காரர். கூட்டம் கைதட்டியது. வளைய விற்பனை சூடுபிடித்தது. கூட்டத்தில் நின்ற என் மகன் இன்னொன்று வாங்கினான். பூனைக்கு ஏற்ற அளவில் கிடைக்குமா என்று ஒருவர் விசாரித்தார்.

மருமகள் சண்டை போடவில்லை. போய் வேனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"சரி ஆசானே, நான் ஒண்ணும் பேசல. இது எங்க வேன். உங்க வளையம் மாட்டியிருக்கு. முன்சீட்டுல உட்காருங்க. ஒரு தடவை சரிவுல இறங்கிட்டு வரலாம். எல்லாரும் உங்க மகிமையைப் பாக்கட்டும்."

ஆசானுக்கு ஏறும் எண்ணம் இல்லை. கூட்டம் விடுமா? பக்தியோடு தூக்கி உள்ளே வைத்தது. என் மகனே கதவைச் சாத்தினான். வேன் மெல்ல ஊர்ந்து சரிவின் விளிம்பில் மூக்கை நீட்டி நின்றது. ஆசான் வளையத்தைப் பார்த்தார், இருந்தது. கீழே சுவரைப் பார்த்தார், அதுவும் இருந்தது.

"ஏம்மா..." குரல் இறங்கிவிட்டது. "பிரேக் மாத்திட்டியா?"

"எதுக்கு? வளையம் இருக்கே."

"அது கெடக்கு. பிரேக்கு பாத்தியா இல்லையா?"

"மனசுல சந்தேகமா ஆசானே?"

"விளையாடாதம்மா! எனக்குப் புள்ளகுட்டி இருக்கு! கதவைத் திற!"

கதவு திறக்கவில்லை. உள்கைப்பிடி வேலை செய்யாது. இந்தக் குறையை எந்த ஆவியும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆவிகளை இறக்கியவர், ஜன்னல் வழியே தலைகீழாகத் தாமே இறங்கினார்.

மருமகள் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்: "அவருக்குப் புள்ளகுட்டி இருக்காம். இந்த வேன்ல தினமும் ஏறுறது யாரோட புள்ளகுட்டி?"

லாரிக்காரர்தான் முதலில் அசைந்தார். ஓரமாக நின்ற ஆசானின் புதுக் காருக்குள் எட்டிப் பார்த்தார். "யோவ்! இவன் ஸ்டியரிங்குல வளையமே இல்லய்யா! நான் மலை இறங்குற லாரியில மாட்டி வச்சிருக்கேன்!"

ஆசான் அந்தக் காரை நோக்கி ஓடினார். மூட்டில் ஆட்டமோ காலில் பிடிப்புக் குறைவோ தெரியவில்லை. ஆனால் வளையங்கள் அவருடைய பானெட்டில் மழையாக விழுந்தன.

என் மகனுக்கு முகம் வெளுத்திருந்தது. "அப்ப... பிரேக் இல்லாமலா சரிவு வரைக்கும் போன?"

"நேத்தே மாத்தியாச்சு. உன்னை மாதிரி நம்பிக்கைக்காரன் வீட்டுல இருக்கும்போது, பிரேக்கை விட்டா நான் வேற எதை நம்புறது?"

அன்று வேன் சோதனைக்குப் போய்த் தோற்றது. பிரேக்கைக் குறை சொல்ல ஆளில்லை. நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை, கதவின் உள்கைப்பிடி உடைசல். இரண்டையும் மாற்றி மறுபடி கொண்டுபோனாள். தேறிவிட்டது. முன்னாள் முதலாளி குறுக்கே வரவில்லை. என் மகன் வளையத்தைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டான். அந்த வேலைக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

வண்டியையாவது சட்டம் போட்டு வரவழைத்துச் சோதிக்கிறார்கள். கழுத்துக்கு மேலே இருப்பதை அவரவர்தான் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும், உள்ளே இன்ஜின் இருக்கிறதா, இல்லை பூனை குட்டி போட்டிருக்கிறதா என்று.