சில்லென்று இருந்த மோட்டார்

காலை ஆறு மணி, பதினொரு கார்கள், பட்டியலில் முதல் பெயர் வேலாத்தாள். ஒரு காட்டில் ரிமோட் கார் பந்தயம் இப்படித்தான் தொடங்கியது. வேலாத்தாள் ஓர் அழுங்கு, உடம்பெல்லாம் செதில் உள்ள எறும்புத்தின்னி. போன மழையில் பள்ளத்தில் இருந்த அவளுடைய வளைக்குள் தண்ணீர் புகுந்ததால், இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் மரத்தில் கிடந்தாள். இந்தப் பந்தயத்தின் பரிசு மேட்டில் இருக்கும் ஈரமில்லாத வளை.

விதி எளிது. ஒரே ஒரு பேட்டரி சார்ஜில் பாறையை அதிக முறை வலம் வரும் கார் வெல்லும். முடிந்ததும் நடுவர் மோட்டாரைத் தொட்டுப் பார்ப்பார். எதற்குத் தொட வேண்டும் என்று விதியில் எழுதவில்லை.

வேலாத்தாள் மோட்டாரில் கம்பியை இருபத்தேழு முறை சுற்றியிருந்தாள். மோட்டார் தண்டில் சின்னப் பல்சக்கரம். நரி துரைக்கண்ணு எட்டிப் பார்த்தான்.

"இது மோட்டாரா, நூல்கண்டா அக்கா? என்னுது அஞ்சே சுத்து. பெரிய பல்சக்கரம். அம்பு மாதிரிப் போகும். உன்னுது மாட்டு வண்டி."

"மாட்டு வண்டி வீடு போய்ச் சேரும் தம்பி."

நரியின் கார் அம்பு மாதிரிதான் போனது. மூன்றாவது வலத்தில் புகை வந்து நின்றுவிட்டது. கூட்டம் விசிலடித்தது. நரியைப் பார்த்துச் செய்த மற்ற ஒன்பது கார்களும் ஏழாவது வலத்துக்குள் படுத்துவிட்டன. புகை அடங்கியதும் கூட்டம் சாப்பிடப் போய்விட்டது. வேலாத்தாளின் கார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பத்தெட்டு வலம். நடுவரான கரடி சடையப்பர் தன் கையாலேயே அதை எழுதிக்கொண்டார்.

பிறகு அவளுடைய மோட்டாரைத் தொட்டார். முகம் சுளித்தார்.

"என்னம்மா, சில்லுனு இருக்கு?"

"அப்படித்தானுங்க இருக்கணும். சூடாப் போற கரண்ட் வீணாப் போற கரண்ட். அதுக்குத்தான் கம்பியைக் கூடச் சுத்தி, சின்னச் சக்கரம் போட்டேன்."

"உழைச்ச உடம்பு சுடுமா, சுடாதா?"

"சுடுமுங்க. ஆனா..."

"ஆனா என்ன? நரியோட மோட்டாரைத் தொட்டேன், கை வெந்துபோச்சு." சடையப்பர் உள்ளங்கையை எல்லோருக்கும் காட்டினார். "இதுக்கு மேல என்ன உழைப்பு வேணும்?"

"என்னால முடிஞ்சது ஐயா," என்று நரி தலையைக் குனிந்துகொண்டான்.

"முப்பத்தெட்டுன்னு நீங்கதானே எழுதுனீங்க?"

"அது கார் போன கணக்கு. மோட்டார் உழைச்ச கணக்கு இல்லை."

சாப்பிட்டுத் திரும்பிய கூட்டம் கரடியின் கையைப் பார்த்து உச்சுக்கொட்டியது. ஓடாத காரை ஓடியதாகக் காட்டினாள் என்று வேலாத்தாளின் பெயரை அடித்தார்கள். மேட்டு வளை நரிக்குப் போனது.

அக்டோபர் 22 அன்று மழை பிடித்தது. பள்ளத்து வளை நிரம்பியதால் வேலாத்தாள் குட்டிகளோடு காட்டை விட்டுப் போனாள். அன்று மாலை நான்கு மணிக்கு, காட்டின் மின்சிக்கனக் குழுவுக்குத் துரைக்கண்ணு தலைவராகப் பொறுப்பேற்றான்.

நீதி: வேலையைச் சுலபமாக முடிக்கத் தெரிந்தவர்கள், முடித்தபின் நாலு பேர் பார்க்கக் கொஞ்சம் மூச்சு வாங்கவும்.