கரடி உடைத்த கரை

தினமும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஆசிரியர் தவுனோ வகுப்பறைக்கு வந்துவிடுவார். காலணிகளை வாசலில் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு நடந்து, மேசை ஒவ்வொன்றையும் பக்கத்து மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பார். ஒருவர் விடையை மற்றவர் பார்த்துவிடக் கூடாது. தனியாகக் கற்றதே தங்கும் என்பது அவருடைய கொள்கை. போர்வோ நகரின் அந்த ஆற்றங்கரைப் பள்ளியில் அதை அசைத்தவர் எவரும் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் தலைமையாசிரியை ஹில்க்கா ஒரு புதுமையைக் கொண்டுவந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணினி விளையாட்டுக்குள் ஒன்றுகூடி, நூறாண்டுகளுக்கு முன் இருந்தவாறு தங்கள் ஊரைக் கட்ட வேண்டும். ஆறு, மரக் கிடங்குகள், ஆட்டுப்பட்டி, எல்லாமே. பெயரை மறைத்து, ஆளுக்கொரு விலங்கு உருவம்.

"இது படிப்பா, ஹில்க்கா? கூட்டமா சேர்ந்து கூத்தடிக்கிறது!" என்றார் தவுனோ.

"வெள்ளிக்கிழமை பெத்தவங்க பாக்க வர்றாங்க. அதுவரைக்கும் பொறுங்க. அப்புறமும் பிடிக்கலன்னா நிறுத்திடுவோம். உங்க வகுப்பு, உங்க முடிவு."

நிறுத்துவதற்குக் குற்றம் ஒன்று வேண்டுமே! வியாழன் மாலை பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டிருந்தபோது, தவுனோவும் தம் வீட்டில் காபிக் கோப்பையோடு அமர்ந்து, ஒரு கரடியாக உருமாறி, ரகசியமாக உள்ளே நுழைந்தார்.

நுழைந்ததும் விரல் எதன்மேலோ பட்டது. ஆற்றங்கரையில் ஒரு கல் பெயர்ந்தது. தண்ணீர் கிடங்குக்குள் பாய்ந்தது.

"டேய் கரடி! என்னடா பண்ற?" என்று திரையில் எழுத்துகள் தோன்றின. கேட்டது ஒரு நரி.

தவுனோவின் காதுகள் சிவந்தன. வாழ்நாளில் எவரும் அவரை 'டேய்' என்றதில்லை. ஆனால், வேடத்தைக் கலைக்க முடியுமா?

"இதோ, காய வெச்சிடறேன்" என்று எழுதிவிட்டு, ஈரக் கிடங்கின் நடுவே நெருப்பு மூட்டினார். மரக் கிடங்கு அல்லவா? கூரை பற்றிக்கொண்டது.

"மரத்துக்குள்ள தீ மூட்டறியே, உனக்கு மூளை இருக்காடா?" என்றது நரி.

புகையாவது வெளியேறட்டும் என்று பக்கத்திலிருந்த கதவைத் திறந்தார். அது ஆட்டுப்பட்டியின் கதவு. ஆடுகள் ஊரெங்கும் சிதறி ஓடின.

இனிப் பழிசுமத்தலும் கூச்சலும்தான். நாளை பெற்றோருக்குச் சாம்பலைத்தான் காட்ட வேண்டும். தம் கொள்கை வென்றது என்று தவுனோ எண்ணினார். ஏனோ அந்த வெற்றி இனிக்கவில்லை.

அப்போது ஒரு முயல் பேசியது. "யாரு செஞ்சதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். அணில், நீ ஆட்டுக்குப் பின்னாடி ஓடு. மத்தவங்க வாய்க்கா வெட்டுங்க. இந்த வெள்ளத்தையே தீ மேல திருப்பி விடுவோம்!"

எதிர்க்கேள்வி இல்லை. வெட்டத் தெரிந்தவர் வெட்டினர். தெரியாதவருக்கு அருகில் நின்றவர் செய்து காட்டினார். தாம் கொணர்ந்த வெள்ளம் தாம் மூட்டிய தீயை அணைப்பதைத் தவுனோ வாய்பிளந்து பார்த்தார். இப்படியொரு கற்றலைத் தம் வகுப்பறையில் அவர் கண்டதில்லை. காண்பதற்கு வழியும் வைத்ததில்லை.

"வேடிக்கை பாக்காதடா கரடி! என் பின்னாடியே வா. கரையை இப்படி அடைக்கணும், பாரு" என்றது நரி.

நாம் கேட்ட கதைகளில் நரி எவருக்கும் நல்வழி காட்டியதில்லை. இந்த நரி பொறுமையாகக் காட்டியது. கரடியும் பணிவோடு கல் சுமந்தது. கரை நின்றது, கிடங்குக்குப் புதுக் கூரை ஏறியது.

மறுநாள், பெற்றோர் வருமுன் தவுனோ வகுப்பின் முன்னே நின்றார்.

"அந்தக் கரடி நான்தான். உங்க மேல குத்தம் கண்டுபிடிக்கத்தான் ஒளிஞ்சு வந்தேன். தப்பு என்னோடது, மன்னிச்சிடுங்க. இந்தப் பாடம் இனி நிக்காது."

"நீங்களா, தவுனோ? முயல் நான்தான்!" என்று துள்ளி எழுந்தாள் ஐலி. ஆசிரியரையும் பெயர் சொல்லி அழைப்பதுதான் அந்த நாட்டு வழக்கம். அதுவரை வகுப்பில் வாய் திறந்தறியாத பெண் அவள்.

"அற்புதமா செஞ்ச, ஐலி. சரி, என்னை வாடா போடான்னு வேலை வாங்கின நரி யாரு? பயப்படாம சொல்லுங்க, நன்றி சொல்லணும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

"நரியா?" என்றான் குறும்புக்குப் பேர்போன ஓனி. "அது போட்ட அதட்டலைப் பாத்து, நீங்கதான் நரின்னுல்ல நாங்க நெனச்சோம்!"

கதவு மெல்லத் திறந்தது. தட்டு நிறைய இலவங்கப்பட்டை ரொட்டிகளோடு ஹில்க்கா நின்றிருந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது. தட்டிலேயே பெரிய ரொட்டியை எடுத்துத் தவுனோவின் கையில் வைத்தார்.

"'டேய்'னதுக்கு மன்னிச்சிடுங்க, தவுனோ. சத்தியமா ஓனின்னு நெனச்சுட்டேன்."