என் காருக்கு வந்த மூச்சுத்திணறல்

இந்த முறை என் கார் வடக்கனந்தல் போகாது. முடிவு செய்துவிட்டேன். ஆண்டாளிடம்தான் இன்னும் சொல்லவில்லை. ஆண்டாள் என் மனைவி. அவளிடம் சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் முடிவு இல்லை, விண்ணப்பம்.

வடக்கனந்தலில் என் மச்சான் சின்னக்கண்ணுவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தைக்காரி ஆண்டாள் போய் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றட்டும். கூடவே நானும் போகிறேன். ஆனால் பஸ்ஸில்தான் போவேன். எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டுக்கு ஒருவன் காரோடு போனால், அவன் விருந்தாளி, கார் கூலியாள். போன விசேஷத்தில் என் கார் கூரைமேல் வாழைமரம் கட்டினார்கள். பின்சீட்டில் ஓர் ஆட்டுக்கிடா ஜன்னலோரமாக உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தது. சாப்பாடு முடிந்ததும், "மாமா காரு சும்மாதான நிக்குது" என்று சொந்தபந்தத்தை ஏற்றிக் கல்வராயன் மலையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். வளைவுக்கு ஒருவர் வாந்தி எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே எடுத்தவர்கள் கம்மி.

தினமும் துடைத்துத் துடைத்து வைத்த கார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே கார் பழுதாக வேண்டும். ஆனால் நிஜமாகப் பழுதாகக் கூடாது. யூடியூப் வழி காட்டியது. என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. பெட்ரோல் ஒழுங்காக எரிகிறதா என்று மோப்பம் பிடித்துச் சொல்லும் சாமான். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஸ்டியரிங் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். விசேஷம் முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன், பிடுங்கினேன், மூடினேன். ஆண்டாளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போனேன்.

"இன்னாங்க அது, மஞ்சளா எரியுது?"

"அய்யய்யோ!" என்றேன். நன்றாகத்தான் நடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த, கார் கோளாறைச் சொல்லும் ஸ்கேனரை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினேன். செல்போனைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் போல முகத்தைத் தொங்கவிட்டேன்.

"ஆக்சிஜன் சென்சார் பூட்ச்சி, ஆண்டாளு."

"ஆக்சிஜனா? காருக்குக்கூடவா கொரோனா?"

"வெளையாடாத. இத வச்சிக்கினு ஓட்டுனா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். வண்டிய அப்படியே நிறுத்திட வேண்டியதுதான்."

"புதுசு வாங்கிப் போடுங்க."

"மெட்ராஸ்லருந்து வரணும். இட ஒதுக்கீடு போராட்டம் நடக்குது. ரோடெல்லாம் மறியல்."

"மறியலு நேத்தே முடிஞ்சிப் போச்சே? பஸ்ஸு ஓடிக்கினுதான இருக்குது?"

"பஸ்ஸு ஓடும். பார்சல் ஓடாது."

ஆண்டாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜெயித்துவிட்டேன் என்று நானும் விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

மறுநாள் காலை காபி வந்தது. கூடவே ஓர் அட்டைப்பெட்டியும் வந்தது. உள்ளே புத்தம் புதிய ஆக்சிஜன் சென்சார்.

"இது ஏது?"

"தம்பி குடுத்தனுப்சான். அவன் காரும் உங்க காரும் ஒரே மாடல்தான?"

"நம்ம மெக்கானிக்க கூப்புட்டு..."

"அவரு போராட்டத்துக்குப் போய்க்கினு இருக்காரு. விசேஷம் முடியற வரைக்கும் ஆளு கிடைக்க மாட்டாராம். நீங்கதான் எல்லாம் படிச்சி வச்சிக்கினு இருக்கீங்களே, மாட்டுங்க."

காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். கையில் செல்போன். அதில் நான் பார்த்த அதே வீடியோ.

நல்லாயிருந்த சென்சாரைக் கழற்றும் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது? அது குழாயோடு குழாயாக இறுகிக் கிடந்தது. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது. துருவை இளக்கும் எண்ணெய் அடித்தேன், அது என் கண்ணில் தெறித்தது.

"இஞ்சின சூடு பண்ணிட்டு கழட்டச் சொல்றாருங்க வீடியோல."

சூடு பண்ணினேன். சென்சாரும் கழன்றது, என் உள்ளங்கைத் தோலும் கழன்றது.

"பழச பத்திரமா இப்டி குடுங்க," என்று அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

புதியதை முறுக்கினேன். பிளக்கை மட்டும் மாட்டாமல் நைசாக ஓரத்தில் தொங்கவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

"பாத்தியா! சென்சார் இல்ல, வேற இன்னமோ பெரிய கோளாறு. பஸ்லயே..."

"ஓரமா தொங்குதே, அந்தப் பிளக்க மாட்டிட்டு சொல்லுங்க."

மாட்டினேன். ஸ்கேனரில் பதிவாகியிருந்த கோளாறை அழித்தேன். பாழாய்ப்போன விளக்கு அணைந்தது.

ஆண்டாள் கைதட்டினாள். அடுத்த நொடி போன் போட்டாள்.

"சின்னக்கண்ணு! மாமாவுக்கு சூப்பரா வேல தெரியுதுடா. ஒன் காரயும் அவரே பாத்துடுவாரு. சாமான் ஏத்தற வேலைக்கு ஒன் வண்டியே போதும்."

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அவன் காருக்கு இன்னா?"

"அவன் கார்லதாங்க நெசமாவே சென்சார் பூட்ச்சி. அதுக்கு வாங்கினதுதான் இந்தப் புதுசு. மாட்டத்தான் ஆளு இல்லன்னு அழுதுகினு இருந்தான். நேத்து காலைல நான் மாடில துணி காயப் போட்டுக்கினு இருந்தேனா, நீங்க பிளக்கப் புடுங்கறதப் பாத்தேன். வூட்லயே இவ்ளோ தெரிஞ்ச மனுசன் இருக்கறப்ப எதுக்கு வெளில தேடணும்? இருந்தாலும் பொறந்த வூட்டு காராச்சே. மொதல்ல நம்ம கார்ல ஒரு தடவ செஞ்சி பாக்கட்டும்னு விட்டேன்." மடியிலிருந்த பழைய சென்சாரைத் தட்டிக் கொடுத்தாள். "இது நல்லாத்தான இருக்குது? அங்க இத மாட்டிடுங்க."

விசேஷத்தன்று என் காரிலேயே வடக்கனந்தல் போய், மச்சான் காருக்குச் சென்சாரை மாட்டிவிட்டு எழுந்தேன். பின்னால் மச்சானின் மாமனார் வீட்டுக் கார் நின்றது. அதற்குப் பின்னால் பங்காளி வீட்டு ஜீப். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு விளக்கு எரிகிறதாம்.

என் ஆசை மட்டும் ஒரு வகையில் பலித்துவிட்டது. அன்றைக்கு முழுவதும் வடக்கனந்தலில் என் காரை ஒருவரும் வேலை வாங்கவில்லை, என்னைத்தான் வாங்கினார்கள்.