நிக்கோலாய் பண்ணையின் நாற்காலி

இத்தாலியின் பிஸ்டோயா நாற்றுப்பண்ணைக்காரர் சங்கம் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் குழுப்படத்தில் தவறாமல் விடுபட்டுப்போகிறவள் பண்ணைக்காரனின் மனைவி. ஒட்டுக் கட்டியவள் அவள். தொட்டிகளில் மண் நிரப்பியவள் அவள். மரம் வாங்கும் ஆஸ்திரியாக்காரனின் லாரி விடிவதற்கு முன் வந்து ஹாரன் அடித்தால், எழுந்துபோய் மரம் ஏற்றி அனுப்புகிறவளும் அவளே. படத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன் அவன். அவள் எங்கே என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதிலைக்கூட எவரும் தயார் செய்து வைத்ததில்லை.

எர்சிலியா நிக்கோலாய் அவ்வாறு விடுபட்டவர்களுள் ஒருத்தி.

ஜனவரி பிறந்ததும் மொன்டெகாட்டினியின் வெந்நீரூற்று விடுதி ஒன்றில் சங்கம் மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்தும். காலையில் பாடம்: வேர் நோய்கள், புதிய பாசன முறைகள், பூங்கா வடிவமைப்பு. மாலையில் தொழில் தொடர்பு வளர்த்தல். காட்டுப்பன்றிக் குழம்பு, சிவப்பு ஒயின், சீட்டாட்டம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துச் சங்கம் இட்டிருந்த கௌரவமான பெயர் அது. ஒரு பண்ணைக்கு ஒரே நாற்காலி. மணமான புதிதில் எர்சிலியா தானும் வரட்டுமா என்று கேட்டிருந்தாள். நாற்காலி ஒன்றுதான் என்று அவள் கணவன் உபால்டோ சொன்னான். அதில் யார் உட்கார வேண்டும் என்பது விவாதத்துக்குரிய பொருளாக அவனுக்குத் தோன்றவில்லை.

அந்த முகாமைப் பற்றி அவன் வீட்டில் ஒரு நாளும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. இதற்காக அவனை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. அது அத்தொழிலின் ஒழுக்கம். வியாபாரம் எப்படி என்று கேட்டால் எந்த நாற்றுப்பண்ணைக்காரனும் பனி, காற்று, பூச்சி, வாங்க ஆளில்லை என்றுதான் சொல்வான். நன்றாயிருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் வாங்குபவன் விலையைக் குறைப்பான். பக்கத்துப் பண்ணைக்காரன் கண்வைப்பான். சந்தையில் பழகிய நாக்கு சாப்பாட்டு மேசையிலும் அப்படியே புரண்டது. அவ்வளவுதான்.

இந்த ஆண்டு உபால்டோவின் உள்ளத்தில் ஒரு மகத்தான தீர்மானம் இருந்தது. சங்கத்தின் பயிற்சிக் குழுவுக்குத் தலைவனாகிவிடுவது. யார் என்ன கற்க வேண்டும், கற்றுக்கொள்ளும் சாக்கில் எந்த நாட்டுக்குச் சுற்றுலா போக வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவன் அந்தத் தலைவன்தான். முகாமின் கடைசி நாள் மாலையில் தேர்தல். அதில் ஒரு பழைய வழக்கம் உண்டு: ஓட்டு ஆளுக்கு அல்ல, பண்ணைக்கு. அண்ணன் தம்பிகள் கூட்டாகப் பண்ணை நடத்திய காலத்தில், யார் பெயரை எழுதுவது என்று சண்டை வராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. வென்ற பண்ணையின் நாற்காலியில் அன்று மாலை யார் உட்கார்ந்திருக்கிறாரோ, பதவி அவருக்கு. உபால்டோ இலையுதிர் காலம் முழுவதும் கதவு கதவாகப் போய் நிக்கோலாய் பண்ணைக்கு ஓட்டுக் கேட்டிருந்தான். வெறுங்கையோடு போகவுமில்லை.

முகாமுக்கு முந்தைய வாரம், இரவுச் சாப்பாட்டின்போது, அவன் வழக்கமான பெருமூச்சை விட்டான்.

“மறுபடியும் அந்த நரகம் வந்துடுச்சு, எர்சிலியா. திங்கக்கிழமை கிளம்பணும்.”

“ரொம்பக் கஷ்டமா இருக்குமோ?”

“கேக்காத. நாலு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார வெச்சு வேரழுகலைப் பத்தியே பேசுவாங்க.”

“சாப்பாடு?”

“ஆறிப்போன சூப்பு. அதுல ரெண்டு கோசு இலை மிதக்கும்.”

“தூக்கம்?”

“சின்ன ரூமு. தனியா, அனாதை மாதிரி.”

எர்சிலியா கரண்டியை மேசைமேல் வைத்தாள். “எத்தனை வருஷமா இதைத் தாங்கிட்டிருக்க, பாவம். இந்த வருஷம் நீ ரெஸ்ட் எடு. நான் போறேன்.”

உபால்டோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தபின் நிறுத்தினான்.

“நீயா? நாலு மணி நேரம் உட்காரணும்மா!”

“உன்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்குச் சர்ச்சுல உட்கார்ந்தது. அதுக்கப்புறம் எங்க உட்கார்ந்தேன்? எப்படித்தான் இருக்குன்னு பாக்கறேன்.”

“சூப்பு ஆறியிருக்கும்னு சொன்னேனே.”

“வேற யாரோ வெச்ச சூப்புதானே? ஆறினா என்ன, உறைஞ்சே போனாலும் வழிச்சுக் குடிப்பேன்.”

“தனியா படுக்கணும், எர்சிலியா. தனியா!”

“குறட்டைச் சத்தம் இருக்காதா?”

“யாரு குறட்டை விடுவா அங்க?”

“அப்ப சரி.”

உபால்டோ நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவன் நரகத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட, அவள் ஒவ்வொன்றிலும் எட்டிப்பார்த்து, இடம் வசதியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசி ஆயுதத்தை எடுத்தான்.

“எல்லாம் லத்தீன் பேரு. செடியோட பேரு, நோயோட பேரு, பூஞ்சையோட பேரு. உனக்கு ஒண்ணும் புரியாது.”

“நம்ம தொட்டிகளுக்கு லேபிள் எழுதறது யாரு?”

உபால்டோ ரொட்டியைப் பிய்த்தான்.

“நீ எழுதினா ஒரு மேக்னோலியா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள மல்லிகை ஆயிடும். விடு. ஒவ்வொரு வருஷமும் பட்டினி கிடந்து, பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்திக்கிட்டு வர்ற. இதுக்கு மேல உன் உடம்பு தாங்காது.”

அவனுக்கு இப்போது இரண்டே வழிகள் இருந்தன. அங்கே போவது சுகம் என்று ஒப்புக்கொண்டால், இத்தனை ஆண்டுகளாக அவளைப் பண்ணையில் விட்டுவிட்டுப் போய்ச் சுகப்பட்டது வெளிவரும். அப்போதும் அவளே போவாள், கோபத்தோடு போவாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இரக்கத்தோடு போவாள். உபால்டோ நன்றாக யோசித்து இரக்கத்தைத் தேர்ந்தெடுத்தான். வேரழுகல் பாடம் உண்மையில் சகிக்க முடியாதது. முதல் நாளே ஓடிவந்துவிடுவாள், தேர்தலுக்குத் தான் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

திங்களன்று அவளுடைய பெட்டியை அவனே காரில் ஏற்றினான். அவள் ஓடிவரவில்லை. செவ்வாயன்றும் வரவில்லை. தோண்டி எடுத்த மரங்களின் மண்ணோடு கூடிய வேர்க்கட்டிகளுக்கு அவன் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றச்சுற்ற மண் உதிர்ந்தது. மரங்கள் மொட்டை வேரோடு அவனைப் பார்த்தன. புதன்கிழமை நண்பகலில், தேர்தலுக்குச் சில மணி நேரமே இருக்கையில், விடுதிக்குத் தொலைபேசினான்.

“எர்சிலியா! உடனே கிளம்பி வா. எலுமிச்சைக் கூடத்துல ஹீட்டர் நின்னுபோச்சு! செடியெல்லாம் செத்துடும்!”

“எந்த ஹீட்டர்?”

“இருக்கறதே ஒண்ணுதானே!”

“அதை நவம்பர்லயே கழட்டி ரிப்பேருக்குக் குடுத்தாச்சு. செடிக்கெல்லாம் கம்பளி போர்த்தி வெச்சுட்டுத்தான் வந்திருக்கேன். நீ கூடத்துக்குள்ள போனியா இல்லையா?”

உபால்டோ அக்கேள்வியைத் தாண்டிச் சென்றான். “அங்க என்ன சத்தம்? யாரோ அக்கார்டியன் வாசிக்கிற மாதிரி இருக்கு.”

“வேரழுகல் வகுப்பு. கொடுமை, உபால்டோ. நீ சொன்னது அத்தனையும் நிஜம்.”

“சிரிக்கறாங்களே!”

“முதுகு வலி தாங்காமத்தான். வெச்சுடட்டுமா? ரெண்டாவது தட்டு பன்னிக்கறி கொண்டாந்துட்டாங்க. வேண்டாம்னா விட மாட்டேங்கறாங்க.”

அன்று மாலை தொலைபேசி மணி அடித்தபோது உபால்டோ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அழைத்தவன் அவன் நண்பன் குவால்டியரோ. பக்கத்துப் பண்ணைக்காரன், ஓட்டுச் சேகரிப்பில் அவனுடைய வலது கை.

“ஜெயிச்சாச்சுடா! நிக்கோலாய் பண்ணை! எதிர்த்து நின்னவன் எழுந்து வீட்டுக்கே போயிட்டான்.”

உபால்டோவின் கண்கள் கலங்கின. “நிஜமாவா? என்னையா?”

“உன்னை எங்கடா? நாற்காலியில உட்கார்ந்திருந்தது எர்சிலியா இல்ல? நல்லாப் பேசினா. பொம்பளைங்க ஒட்டுக் கட்டற கையால ஓட்டும் போடணும்னா. கை தட்டினாங்க பாரு! நீ இவளை இத்தனை வருஷம் எங்கடா ஒளிச்சு வெச்சிருந்த?”

மறுநாள் எர்சிலியா வந்து இறங்கினாள். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. இரண்டாம் தட்டுகளின் புண்ணியத்தில் பாவாடையின் இடுப்புக் கொக்கி அவிழ்ந்திருந்தது. உபால்டோ வாசலிலேயே மறித்தான்.

“அங்க தேர்தல் இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?”

“தெரியாம? நீ ஓட்டுக் கேட்டவங்க எல்லாரும் திரும்பப் போன் பண்ணி, ‘எங்க ஓட்டு நிக்கோலாய் பண்ணைக்குத்தான்’னு சொன்னாங்க. பகல்ல இந்த வீட்டுல போன் எடுக்கறது யாரு? நானும் பண்ணை சார்பா நன்றி சொன்னேன்.”

“அது எனக்காகக் கேட்ட ஓட்டு!”

“எனக்கு எப்படித் தெரியும்? நரகத்துக்குத் தலைவராகணும்னு உனக்கு ஆசை இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா?”

உபால்டோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனான்.

எர்சிலியா பயிற்சிக் குழுவின் தலைவியாக ஒன்பது ஆண்டுகள் இருந்தாள். ஒட்டுக் கட்டுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் தனி வகுப்புகள் தொடங்கினாள்; ஹாலந்துக்கும் சிசிலிக்கும் குழுக்களை அழைத்துப்போனாள்; வேரழுகல் பாடத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தாள். முழங்கால் வலி வந்ததும் பதவியைத் தானாகவே விட்டாள். தனக்குப் பின் குவால்டியரோவின் மனைவி வரவேண்டும் என்று விரும்பி, அவளுக்கு ஓட்டுக் கேட்க உபால்டோவைக் கதவு கதவாக அனுப்பினாள். அந்த ஒரு வேலையில் அவன் கெட்டிக்காரன் என்பதை அவள் ஒருபோதும் மறுத்ததில்லை.