இரண்டாவது சாவி ஓடாமல் போன காரணம்

கொட்டாம்பட்டி சுருளி அவர்களுக்கு, ஒத்தக்கடை காசிமாயன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் திவ்யாவும் நல்லபடியாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றி, வயலுக்குப் போய் வருவீர்கள் என்று நம்புகிறேன். இது என் கையால் எழுதும் முதல் கடிதம். அறுபத்தாறு வயதில், போன வருடம்தான் ரூபினா டீச்சரின் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தேன். போனில் பேசினால் நீங்கள் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால், வைத்துவிட்டாலும் மறுபடி எடுத்துப் படிக்கலாம்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல எங்க கார்ச் சாவியக் கெடுத்து அனுப்பிட்டாங்க, இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று நீங்கள் சொன்னதாகக் காதில் விழுந்தது. முழங்கால் வலியால் அன்று நீங்கள் வரவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள். திவ்யாவை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உங்கள் வீட்டம்மா சீனியம்மாள் தங்கச்சியும் மகன் சூர்யபிரகாஷும் வந்து இறங்கினார்கள். திவ்யா வீட்டில் இல்லை. வில்லாபுரத்தில் யாரோ கார்ச் சாவியைத் தொலைத்துவிட்டார்கள் என்று புதுச் சாவி செய்து கொடுக்கப் போயிருந்தாள். சாவி தொலைக்கிறவர்கள் நல்ல நாள் பார்ப்பதில்லை. சூர்யபிரகாஷ் காரைப் பூட்டிவிட்டு, வாசலில் நின்று சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். திவ்யாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. அவர் பார்த்தார். சாவி பறந்தது. சாக்கடைக் குழாய் பதிக்க எங்கள் தெருவில் தோண்டிய குழியில், இடுப்பளவு சேற்றில் போய் விழுந்தது. பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தட்டோ காருக்குள் இருக்கிறது. தட்டு வராமல் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

"அஞ்சு நிமிசம் பொறுங்கத்தே" என்று திவ்யா உள்ளே ஓடினாள். முதலில் பட்டுச்சேலை கட்டினாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வேலைச் சட்டையோடு நிற்கலாமா? பிறகு வந்து கார்க் கதவின் சாவித் துவாரத்தில் மெல்லிய கருவி ஒன்றை விட்டாள். கதவு திறந்தது. தங்கச்சி வாயில் கை வைத்தார். "ஏண்ணே, இம்புட்டு லேசாத் தொறக்குது! நாளைக்கு நாங்க எங்க பீரோவ எப்படிப் பூட்டி வைக்கிறது?" என்றார். "அவளுக்குக் கார் மட்டுந்தான் வரும் தங்கச்சி, பீரோ தெரியாது" என்றேன். "பீரோ அதவிட லேசுப்பா" என்றாள் திவ்யா. அந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

கதவு திறந்தால் போதாது, சுருளி அவர்களே. சாவிக்குள் பொட்டுக்கடலை அளவில் ஒரு சிப் இருக்கிறது. கார் அதை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். புதுச் சாவியை வெட்டி, அதைக் காருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். அதற்குத் திவ்யாவிடம் சிலேட்டு அளவில் ஒரு கருவி உண்டு. அதன் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், காருக்கு என்ன கோளாறு, எத்தனை சாவி பழக்கம் என்று எல்லாவற்றையும் திரையில் தமிழிலேயே சொல்லும். அவள் சேலையோடு குனிந்து வயரைப் பிடித்திருந்ததால், "அப்பா, திரையில என்ன வருதுன்னு படிங்க" என்றாள். தெருவே பார்க்க நான் படிப்பது! கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். "ப... ழை... ய..." என்று கூட்டி முடிப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. இரண்டாம் முறை தெருவே சேர்ந்து படித்தது: "பழைய சாவிகள் அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா? ஆம். இல்லை."

தங்கச்சி என் கையைப் பிடித்துவிட்டார். "அண்ணே, ஆறு வரைக்கும் ராகு காலம். நல்லது பேச வந்த எடத்துல அழிக்கிறதாம்ல அழிக்கிறது! இல்லைன்னு அமுக்குங்க." பையனைப் பெற்றவர் பேச்சைத் தட்டுவதா? அமுக்கிவிட்டேன். "யப்பா!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். கருவி கோபித்துக்கொண்டு, அரைமணி நேரம் கழித்து வரச் சொன்னது. அந்த அரைமணி நேரமும் திவ்யா ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்திருந்தாள்; சூர்யபிரகாஷ் பக்கத்து சீட்டில் அவளுக்கு டார்ச் பிடித்தார். வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. என்ன பேசினார்களோ தெரியாது, சிரித்தது தெரிந்தது. நானும் தங்கச்சியும் தட்டிலிருந்த வாழைப்பழத்தில் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம். ஆறு மணி தாண்டியதும் "இப்ப அழிங்கண்ணே" என்று அவரே உத்தரவு கொடுத்தார். அமுக்கினேன். இன்ஜின் உறுமியது. தெரு கைதட்டியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. "வீட்ல இருக்குற ரெண்டாவது சாவி இனிமே கதவத்தான் தொறக்கும், வண்டி ஓடாது. கொண்டு வந்தாப் பதிஞ்சு தாரேன்னு அத்தைட்ட சொல்லிருங்கப்பா" என்று திவ்யா என்னை அனுப்பினாள். போனேன். கார்க் கண்ணாடியில் உங்கள் குலசாமி பெயர் எழுதியிருந்தது. அதை வாய்விட்டுப் படித்தேன். "அட, அண்ணனுக்குப் படிக்க வருதே!" என்றார் தங்கச்சி. சொல்ல வந்தது மறந்தே போனது. மறுவாரம் புதுச் சாவி சூர்யபிரகாஷிடம் இருக்க, நீங்கள் மேலூர் சந்தைக்குக் கிளம்பி, அந்த இரண்டாவது சாவியைத் திருகிப் பார்த்துவிட்டுக் கடைசியில் பஸ்ஸில் போனீர்களாம். சாவி கெடவில்லை. குழியில் விழுந்ததை எவன் எடுத்தாலும் உங்கள் காரை ஓட்ட முடியக் கூடாது என்றுதான் பழையதையெல்லாம் அழித்தாள். தப்பு முழுக்க என்னுடையது. உங்கள் பேச்சு காதில் விழுந்த நாளிலிருந்து பிள்ளை முகத்தில் சிரிப்பைக் காணோம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பி வந்துவிடும்.

உங்கள் கிணற்றில் தண்ணீரும் காலில் தெம்பும் குறையாமல் இருக்கட்டும். தங்கச்சிக்கு வணக்கமும் சூர்யபிரகாஷுக்கு ஆசியும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காசிமாயன்

பின்குறிப்பு: சம்பந்தி, இதை எழுதி முடிக்க எட்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள் சூர்யபிரகாஷ் அந்த இரண்டாவது சாவியைக் கொண்டுவந்தார். ஐந்து நிமிட வேலைக்கு மூன்று நாள் வந்தார். நேற்று தங்கச்சியும் கூடவே வந்து திவ்யாவுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார். "அவர்ட்ட நீங்க எதுவும் சொல்லிக்கிற வேணாம்ண்ணே, நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன்" என்றார். கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறாள் திவ்யா. எட்டு நாள் எழுத்து, மனம் வரவில்லை, தபாலில் போடுகிறேன். ஆகவே மேலே எழுதிய எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். முக்கியமாக இந்தப் பின்குறிப்பை.