சம்பந்தி போனைத் துண்டித்தது டவர்தான்

கரமனை, திருவனந்தபுரம்
வெள்ளிக்கிழமை காலை

மகா கனம் பொருந்திய சம்பந்தி ஸ்ரீ ஹரிஹரன் அவர்கள் சமூகத்துக்கு, பட்டாபியின் அநேக நமஸ்காரம். கல்லிடைக்குறிச்சியில் தாங்களும் சம்பந்தி மாமியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நானும் விஜயலக்ஷ்மியும், கழக்கூட்டம் ஃபிளாட்டில் தங்கள் பிள்ளை கைலாஷும் என் பெண் ஜானவியும் சௌக்கியம். டவர் ஒன்றுதான் சௌக்கியமில்லை.

ஜானவியின் சீமந்தத்தைக் கல்லிடைக்குறிச்சியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று தாங்கள் போனில் கேட்டீர்கள். "அதுல பாருங்கோ, எங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன், லைன் போயிற்று. மறுபடி கூப்பிட்டீர்கள், "எங்களுக்கு..." என்றேன், போயிற்று. மூன்றாம் முறையும் அதே இடத்தில் போயிற்று. "உன் மாமனாருக்கு இஷ்டமில்லே போலிருக்கு, நான் பேசினா போனை வெச்சுடறார்" என்று மாப்பிள்ளையிடம் வருத்தப்பட்டீர்களாம். மாப்பிள்ளை ஜானவியிடம் சொல்ல, அவள் இங்கே வந்து, "அப்பா, என் மாமனார் பதிலை உங்க வாயாலதான் கேக்கணுங்கறார்" என்று கண்ணைக் கசக்கினாள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் அழுவதைப் பார்த்தபின் எனக்குக் காப்பி இறங்கவில்லை. சம்பந்தி, ஸ்ரீபத்மநாபன் சாட்சியாகச் சத்தியம் பண்ணுகிறேன்: தங்கள் போனை என் கையால் நான் துண்டித்ததே இல்லை.

எங்கள் அக்ரஹாரத்து வீட்டில் சிக்னல் முழுசாக நிற்கும் ஒரே இடம் சமையலறை மேடை. மடியாகச் சமைக்கிற இடத்தில் போனை எப்படிக் கொண்டுபோவது? வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டி, ஸ்பீக்கரில் போட்டுப் பேசிப் பார்த்தேன். "ஏன்னா, கை உள்ள வந்தா நீங்க உள்ள வந்த மாதிரிதான்" என்று விஜயலக்ஷ்மி கரண்டியைக் காட்டினாள். கையை இழுத்தேன், கூடவே சிக்னலும் வந்துவிட்டது, அதாவது போய்விட்டது. அவள் போனும் அதே கம்பெனி, அதே கதி. பெண்ணின் போனை வாங்கிச் சம்பந்தியைக் கூப்பிடுவது மரியாதையாகப் படவில்லை.

ஆகவே தம்பானூரில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். ரேஷ்மி என்று ஒரு பெண், கெட்டிக்காரி. போனை வாங்கிப் பார்த்து, "அங்கிளே, வோல்ட்டி கிட்டுன்னில்லா" என்றாள், அது கிடைக்கவில்லையாம். வோல்ட்டி என்றால்? வாய்ஸ் ஓவர் எல்.டி.இ. அந்த எல்.டி.இ. என்றால்? லாங் டேர்ம் எவல்யூஷனாம், நீண்டகாலப் பரிணாம வளர்ச்சி. எங்கள் தெருவில் அது இன்னும் வாலோடுதான் இருக்கிறது போலும். உத்தியோக காலமெல்லாம் டி.ஏ., எல்.டி.சி., ஜி.பி.எஃப். என்று முதலெழுத்துகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அவை எல்லாம் வந்தால் ஏதாவது கொண்டுவரும், இவை வந்தால் இருப்பதும் போகிறதே! "பேடிக்கண்டா அங்கிளே, எம்.என்.பி. செய்தா எல்லாம் சரியாகும்" என்றாள். பயப்பட வேண்டாம், எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றலாம் என்று அர்த்தம். அதற்கு ஒரு செய்தி அனுப்பினால் யு.பி.சி. என்று ஒரு கோடு நம்பர் வரும், அதைக் கொண்டுவந்து கொடுத்தால் புது சிம்.

கோடு வந்தது. வந்த அன்று அஷ்டமி, மறுநாள் நவமி, அதற்கு மறுநாள் கரிநாள். அப்புறம் செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டில் புதுக்காரியம் தொடங்குகிற வழக்கமில்லை. பஞ்சாங்கத்தில் சிம் மாற்ற நாள் என்று தனியாகப் போடவில்லை. எண் வேறு இடத்துக்குக் குடிபோகிறது அல்லவா, கிருஹப்பிரவேச நாளையே பார்த்துக்கொள்வோம் என்றாள் விஜயலக்ஷ்மி. நல்ல முகூர்த்தத்தில், வெற்றிலை பாக்கு வைத்து சாமியைக் கும்பிட்டு, சகுனம் பார்த்துக் கடைக்குப் போனால் ரேஷ்மி தலையில் கை வைத்துக்கொண்டாள். "கோடு டேட் கழிஞ்ஞுபோயி அங்கிளே! ஆத்யம் முதல் தொடங்கணும்!" சம்பந்தி, நாலு நாளில் காலாவதியாகும் சாமானைத் தயிர் தவிர வேறெதிலும் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கோடு நம்பரை வந்த கையோடு ஒப்படைத்துவிட்டேன். அன்று என்ன திதி என்று நான் பார்க்கவில்லை, விஜயலக்ஷ்மியிடம் சொல்லவுமில்லை, தாங்களும் சொல்லிவிட வேண்டாம். இன்று காலை பழைய சிம் கண்ணை மூடிவிட்டது. புதியதைப் போட்டிருக்கிறேன், இன்னும் கண் திறக்கவில்லை. நல்ல விஷயம் காத்திருக்கக் கூடாது என்றுதான், வாயால் வராததைக் கையால் எழுதுகிறேன். அன்று மூன்று முறையும் நான் சொல்ல வந்தது இவ்வளவே: "எங்களுக்குப் பரம சந்தோஷம், கல்லிடைக்குறிச்சியிலேயே வெச்சுக்கலாம், வளைகாப்புக்கு வேண்டியதோட நாங்க முதல் நாளே வந்துடறோம்." மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் தாங்கள் ஒரு தடவை கூப்பிட்டால், ஜானவி சிரித்துவிடுவாள், எனக்கும் காப்பி இறங்கும்.

மாமிக்கு எங்கள் நமஸ்காரம். தங்கள் அகத்தில் சீக்கிரமே குழந்தையின் குரல் கேட்க பகவான் அனுக்கிரகம் பண்ணட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பட்டாபி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது புது சிம் கண் திறந்து, போன் கணீரென்று அடித்தது. திரையில் தங்கள் பெயர். கூடத்திலேயே சிக்னல் முழுசு. நான் எடுக்கப் போக, விஜயலக்ஷ்மி உள்ளேயிருந்து, "ஏன்னா, ராகுகாலம்! சீமந்த விஷயத்தை இப்பப் பேசாதீங்கோ!" என்று கத்தினாள். பதறிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன். டவர் மிகவும் நன்றாக இருந்ததால் ஒரே அழுத்தில் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தீர்கள், மறுபடியும் அழுத்தினேன். ஆகவே, மேலே நான் பண்ணியிருக்கும் சத்தியத்தில் "இன்று காலை வரை" என்று சேர்த்து வாசித்துக்கொள்ளவும்.