மாப்பிள்ளை தந்த இயர்பட்ஸைத் திருப்பி அனுப்புவது குறித்து

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கடையின் தையல் மெஷின்கள் இரண்டும் சௌக்கியம். என் வலது காது மட்டும் போன திங்கட்கிழமையிலிருந்துதான் சௌக்கியம். அங்கே உங்கள் சுகமும் மகளின் சுகமும் அறிய ஆவல். மாப்பிள்ளை கொடுத்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே இது குறை அல்ல. நடந்தது நடந்தபடி ஒரு தகவல், அவ்வளவுதான்.

சென்ற மாதம் வந்திருந்தபோது, "மாமா, நாள் பூரா மெஷின் சத்தத்துலயே உக்காந்திருக்கீங்க, இதை மாட்டிக்கிட்டு நிம்மதியா ஏதாவது கேளுங்க" என்று அந்த இயர்பட்ஸைக் கொடுத்தீர்கள். உங்கள் நல்ல மனசு. பெட்டியில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில், கருவியின் முனையில் மாட்டுகிற ரப்பர் குமிழ்கள் இருந்தன. முப்பத்தெட்டு வருடமாக ஊரார் தோளையும் மார்பையும் அளந்தவன் நான். ஒருவருக்கு இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தால் வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவேன். என் சொந்தக் காதுகள் இரண்டும் இரண்டு அளவு என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. இடதுக்குப் பெரியது, வலதுக்குச் சின்னது. உங்கள் அத்தையிடம் சொன்னேன். "அது கல்யாணத்தன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கல" என்கிறாள்.

மாட்டிய முதல் நாள் ஒரு பிஸ்கட்டைக் கடித்தேன். தலைக்குள் யாரோ லாரியிலிருந்து சரளைக்கல் கொட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்து நடந்தால் என் காலடிச் சத்தமே பின்னால் ஆள் வருகிற மாதிரி கேட்டது. கடைக்குள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். புதுச் செருப்பும் முதல் வாரம் கடிக்கத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொண்டேன். பழகியதும், உள்ளதைச் சொல்ல வேண்டும், சுகமாகத்தான் இருந்தது. மெஷின் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை, "இன்னும் தைக்கலையா" என்கிற சத்தமும் இல்லை. காலையில் செய்தி, பகலில் கதை, மாலையில் கிரிக்கெட் வர்ணனை. வினை வந்தது அந்த வர்ணனையில்தான்.

எதிர்க் கட்டிடத்து வக்கீல் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். பெரிய கோர்ட்டில் அவருக்கு அது முதல் வழக்கு. நான் டேப் பிடித்து அளவைச் சொல்லச் சொல்ல உங்கள் அத்தை நோட்டில் எழுதுவது வழக்கம். மரியாதைக்காக ஒரு காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, மற்றதை மட்டும் விட்டுவைத்திருந்தேன். மார்பைச் சரியாகத்தான் சொன்னேன். கை நீளத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது அங்கே ஒருவன் இருபத்தொன்பதில் அவுட்டானான். நானும் இருபத்தொன்பது என்றேன், அவளும் எழுதிவிட்டாள். துணியை வெட்டும்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்போது இரண்டு காதிலும் கதை. ஒருவன் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தான்.

வழக்குக்கு முந்தின நாள் சாயங்காலம் வக்கீல் கோட்டைப் போட்டுப் பார்த்தார். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் தூக்கினார். கோட்டின் கைகள் விரல்களுக்கு மேல் மடங்கித் தொங்கின.

"என்னங்க இது, நான் வாதாடப் போறேனா, காக்கா ஓட்டப் போறேனா?"

"கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னு..." என்று இழுத்தேன்.

"தாராளம் வேணாம். எனக்குக் கை வேணும்."

பிரித்து, வெட்டி, மறுபடி மூட்டி, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அன்றிரவு ஏழு மணிக்குள் கொடுத்துவிட்டோம். வழக்கில் அவருக்கு வாய்தாதான் கிடைத்ததாம். கோட்டைப் பற்றி நீதிபதி ஒன்றும் சொல்லவில்லையாம்.

அந்த அவசரத்தில் வலது காதிலிருந்ததை வெடுக்கென்று பிடுங்கினேன். கருவி கையோடு வந்தது, ரப்பர் குமிழ் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. அது எனக்குத் தெரியாது. மறுநாள் விடிந்தபோது வலது பக்கத்து உலகம் பஞ்சு மூட்டைக்குள் இருந்தது. செவிடாகிவிட்டேன் என்று நானே முடிவு கட்டினேன். தையற்காரனுக்குக் காது எதற்கு என்பீர்கள். ஊசி உடையப் போவதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன், மாப்பிள்ளை. வெளியில் சொல்லப் பயந்துகொண்டு, பேசுகிறவர்களுக்கெல்லாம் இடது காதையே காட்டிக் காட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் பட்டன் டப்பாவை எடுக்கத் திரைக்குப் பின்னால் போனேன். உங்கள் அத்தை போனில் மகளிடம் பேசுவது நல்ல காதில் விழுந்தது.

"உங்கப்பா பேச்ச நிறுத்தி ஒரு மாசமாச்சு. முன்னெல்லாம் நூலு சரியில்ல, துணி சரியில்ல, மழை சரியில்லன்னு நாள் பூரா தொணதொணப்பாரு. எப்படா வாய மூடுவாருன்னு இருக்கும். இப்ப மூடிட்டாரு. மெஷினு ரெண்டும் ஓடுது, ஆனா கடையில ஆளே இல்லாத மாதிரி இருக்குடி."

டப்பாவைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன். பிறகு அவள் எதிரில் போய் உட்கார்ந்து, எனக்கு வலது காது போய்விட்டது என்பதைச் சொன்னேன். அவள் உடனே கடையைப் பூட்டி, என் கையைப் பிடித்துக் காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். போகிற வழியில் கையை விடவே இல்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். இடுக்கியால் ஒரு நொடியில் எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இது உங்களோடதா?" என்றார். வெளியே வந்ததும் உங்கள் அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு காதிலும் கேட்டது. வீடு வரும்வரை அவள் சிரிப்பதை நிறுத்தவில்லை, நான் பேசுவதை நிறுத்தவில்லை.

ஆகவே பொருளைப் பெட்டியோடு பார்சலில் அனுப்புகிறேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டும், சிலவற்றைக் கேட்காதது போல் இருந்தும் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மாமனார்

பி.கு.: பார்சல் வராது, காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் முழுவதையும் நேற்று உங்கள் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பார்சல் கட்டப் போனால் பெட்டி காலி. இரண்டும் அவள் காதில் இருக்கின்றன. வலது, இடது இரண்டுக்கும் நடுத்தர அளவே பொருந்துகிறதாம். இன்று காலை பாவம் பார்த்து ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். நல்ல கதை. கொன்றது யார் என்று சொல்கிற நேரத்தில் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். இன்னொரு ஜோடி உடனே அனுப்பவும்.